ஒரு ஊரை ஒரு தடவைதான் எழுதணும்!

காலேஜில் 'எக்ஸெல் தெரிஞ்ச ஆளு' என்று ஒரு தடவை பெயர் எடுத்துவிட்டால் போதும்... தண்டனை மூன்று வருஷம்! என்.எஸ்.எஸ். கேம்ப் லிஸ்ட், சிம்போசியம் லிஸ்ட், பஸ் பாஸ் லிஸ்ட், ஸ்காலர்ஷிப் லிஸ்ட் எல்லாம் உங்கள் தலையில்தான். "தம்பி, ஊர்வாரியா எத்தனை பேர்னு எடுத்துக் குடுத்துடு. அஞ்சு நிமிஷ வேலைதானே..." என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த அஞ்சு நிமிஷம் ராத்திரி பதினோரு மணி ஆனாலும் முடியாது.

ஏன் முடியலை? ஃபார்முலா தெரியாததாலா? பெரும்பாலும் அது காரணமே இல்லை. பட்டியலை ஆரம்பத்திலேயே கோணலாகப் போட்டுவிட்டோம், அதுதான் விஷயம். இந்த வாரம் எக்ஸெல்லில் ஆரம்பித்து, டேட்டாபேஸ் என்கிற பெரிய வீட்டின் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வாங்க. சோதனைக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்: காரைக்கால்.

அது ஏன் காரைக்கால்? புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு அது. ஆனால் புதுச்சேரி நகரத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே பூவம் தாண்டினால் தரங்கம்பாடி பக்கம், தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். நாகூரிலிருந்து காலையில் பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் படிக்க வருகிறவர் சாயங்காலம் மாநிலம் மாறித்தான் வீட்டுக்குப் போகிறார். இப்படி ஓர் ஊரில் முகவரிப் பட்டியல் போட்டுப் பாருங்கள். எக்ஸெல்லின் அத்தனை சேட்டையும் ஒரே ஷீட்டில் வெளியே வந்துவிடும்.

ஒரு சின்ன ஒப்பந்தம்: இங்கே 'வரிசை' என்றால் குறுக்கே ஓடுகிற ரோ. 'பத்தி' என்றால் மேலிருந்து கீழே இறங்குகிற காலம். ஓகேவா?

நாலு பட்டினம்!

காரைக்கால் மாவட்டத்தில் திருமலைராயன்பட்டினம் என்று ஓர் ஊர். முந்நூறு பேர் லிஸ்ட்டை நாலு பேர் பிரித்துக்கொண்டு டைப் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருத்தர் முழுப் பெயரையும் பொறுமையாக அடிப்பார். இன்னொருத்தர் 'டி.ஆர். பட்டினம்'. மூன்றாவது ஆளும் அதேதான், ஆனால் புள்ளிக்கு அப்புறம் இடைவெளி விடமாட்டார். நாலாவது ஆள் முழுப் பெயரைச் சரியாகவே அடித்துவிட்டு, கடைசியில் ஸ்பேஸ் பாரையும் ஒரு தட்டு தட்டியிருப்பார்.

நமக்கு எல்லாம் ஒரே ஊர். எக்ஸெல்லுக்கு நாலு ஊர்! பிவட் டேபிள் போட்டால் நாலு வரியாக வந்து நிற்கும். கவுன்ட்இஃப் போட்டால் நாலில் ஒரு பங்கைத்தான் எண்ணும். அதிலும் நாலாவது ஆள் விட்ட ஸ்பேஸ் இருக்கிறதே, அது கண்ணுக்கே தெரியாது. 'ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, ஏன் தனித்தனியா காட்டுது?' என்று மண்டை காய வைப்பது அதுதான்.

மருந்து இரண்டு. ஏற்கெனவே அடித்த லிஸ்ட் என்றால், பக்கத்துப் பத்தியில் ட்ரிம் ஃபார்முலா போடுங்கள். முன்னால், பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்பேஸ்களை அது வெட்டிவிடும். நடுவில் இரண்டு மூன்று இருந்தாலும் ஒன்றாக்கிவிடும். பிறகு அந்தப் பத்தியைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் 'வேல்யூஸ்' கொடுத்து ஒட்டிவிடுங்கள். எழுத்து வித்தியாசத்தை மட்டும் நீங்கள்தான் உட்கார்ந்து சரி செய்யணும்.

இனிமேல் அடிக்கப்போகிற லிஸ்ட் என்றால் வைத்தியமே வேறு. தனி ஷீட்டில் ஊர்களை ஒரே ஒரு தடவை எழுதுங்கள். பிறகு டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் போய், 'லிஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊர்ப் பட்டியலைக் காட்டிவிடுங்கள். அப்புறம் ஊர்க் கட்டத்தில் யாரும் டைப் அடிக்க வேண்டாம், பட்டியலிலிருந்து எடுத்தால் போதும். நாலு பட்டினம் ஒரே பட்டினமாகிவிடும்.

எக்ஸெல்லின் ஓவர் புத்திசாலித்தனம்

காரைக்காலின் எஸ்.டி.டி. கோடு 04368. அடித்து என்டர் தட்டுங்கள். 4368 என்று நிற்கும். முன்னால் இருந்த சைபரைக் காணோம்! 'எண்ணுக்கு முன்னாடி சைபருக்கு என்ன வேலை?' என்று எக்ஸெல் தூக்கிப் போட்டுவிட்டது.

கதவு எண் 7/12 என்று அடியுங்கள். டிசம்பர் 7 ஆகிவிடும். கம்ப்யூட்டரில் அமெரிக்கத் தேதி முறை இருந்தால் ஜூலை 12. வீடே மாறிப்போச்சு!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். அடுத்தது அப்படி இல்லை. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைத்திருக்கும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அதை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சைபராகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டில் அப்படி ஒரு வரிசை போனால், அந்த மாணவிக்குப் பணம் வராது. ஏன் வரவில்லை என்று யாருக்கும் புரியாது.

நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம் போலவே பெயர் கொண்ட மனித ஜீன்கள் உண்டு. விஞ்ஞானிகள் அவற்றை ஷீட்டில் அடித்தால் தேதியாக மாறிவிடும். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? எக்ஸெல்லை மாற்ற முடியாமல், 2020-ல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

நாம் பெயரை மாற்ற வேண்டாம். டைப் அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸில் 'டெக்ஸ்ட்' கொடுத்துவிடுங்கள். அடித்த பிறகு கொடுத்தால் போன சைபர் திரும்பி வராது. எதற்கு டெக்ஸ்ட், எதற்கு எண் என்று குழப்பமா? ஒரே கேள்வி கேளுங்கள்: இதைக் கூட்டப் போகிறோமா? மார்க்கைக் கூட்டுவோம், ஃபீஸைக் கூட்டுவோம். அதெல்லாம் எண். போன் நம்பரைக் கூட்டி யாருக்கு என்ன லாபம்? பின்கோடு, ரோல் நம்பர், கணக்கு எண் எல்லாமே டெக்ஸ்ட்தான்.

609 ஆடும் கண்ணாமூச்சி

இப்போது அடுத்த கேள்வி. 'லிஸ்ட்டில் புதுச்சேரி மாநிலத்துக்காரங்க எத்தனை பேர், தமிழ்நாட்டுக்காரங்க எத்தனை பேர்?' மாநிலம் என்று தனிப் பத்தி நீங்கள் வைக்கவில்லை. பின்கோடு இருக்கிறது. முதல் மூன்று இலக்கத்தை வைத்துப் பிரித்துவிடலாமே என்று தோன்றும்.

அங்கேதான் காரைக்கால் கவிழ்த்துவிடும். புதுச்சேரி நகரத்தின் பின்கோடு 605-ல் ஆரம்பிக்கிறது. காரைக்கால் 609602. மயிலாடுதுறை 609001, சீர்காழி 609110, தரங்கம்பாடி 609313. எல்லாம் 609! தபால்காரருக்குத் தெரு தெரிந்தால் போதும், மாநில எல்லை அவருக்கு எதற்கு? 609-ஐத் தமிழ்நாடு என்று வைத்தால் காரைக்கால் மொத்தமும் தமிழ்நாட்டுக்குப் போய்விடும். புதுச்சேரி என்று வைத்தால் சீர்காழி இந்தப் பக்கம் வந்துவிடும். தபாலுக்காகப் பிறந்த எண்ணை மாநிலம் பிரிக்கப் பயன்படுத்தக் கூடாது.

சரி, பின்கோடு, ஊர், மாநிலம் மூன்றையும் தனி ஷீட்டில் எழுதி, வீ-லுக்கப் போட்டு எடுக்கலாமே? எடுக்கலாம். வீ-லுக்கப்புக்கு நாலு விஷயம் சொல்லணும். எதைத் தேடணும், எந்தப் பட்டியலில் தேடணும், கிடைத்தால் எத்தனையாவது பத்தியைத் தரணும், நாலாவதாக, அச்சு அசலாக அதே வேண்டுமா, இல்லை கிட்டத்தட்ட இருந்தால் போதுமா? அந்த நாலாவதை நிறைய பேர் எழுதாமல் விட்டுவிடுவார்கள். விட்டால் எக்ஸெல் 'கிட்டத்தட்ட' என்று எடுத்துக்கொள்ளும்.

என்ன ஆகும்? உங்கள் பட்டியலில் மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், கடைசியாகத் திருநள்ளாறு 609607 என்று பின்கோடு ஏறுவரிசையில் இருக்கிறது. நாகூரின் 611002-ஐ எழுத மறந்துவிட்டீர்கள். நாகூர் மாணவரின் பின்கோடைத் தேடச் சொன்னால், எக்ஸெல் 'இல்லை' என்று சொல்லாது. 611002-க்குக் கீழே இருப்பதில் பெரியது எது என்று பார்த்து, 'திருநள்ளாறு' என்று தரும். நாகூர் தர்கா வாசலில் இருந்தவரைச் சனீஸ்வரன் கோயில் வாசலில் இறக்கிவிட்டாயிற்று!

அதனால் நாலாவது இடத்தில் 'ஃபால்ஸ்' என்றோ சைபரோ போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அப்போது நாகூருக்குப் பிழைச் செய்தி வரும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள்! 'எனக்குத் தெரியாது' என்று சொல்கிற ஃபார்முலா, தெரிந்த மாதிரி நடிக்கிற ஃபார்முலாவைவிட ஆயிரம் மடங்கு மேல். புதிய எக்ஸெல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் இருக்கும் எக்ஸ்-லுக்கப் நீங்கள் சொல்லாமலே அச்சு அசலாகத்தான் தேடும்.

கடைக்காரருக்குத் தெரிந்த ரகசியம்

மாநிலம் பிரிப்பதைக் காரைக்கால் கடைக்காரர்கள் தினமும் செய்கிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பதிவு செய்த ஒவ்வொரு வியாபாரிக்கும் 15 எழுத்துகள் கொண்ட ஒரு எண். அதில் முதல் இரண்டு மாநிலத்துக்கு உரியவை. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. காரைக்கால் கடையிலிருந்து 130 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி நகரக் கடைக்குச் சரக்கு போனால், 34-லிருந்து 34-க்கு. உள்மாநில விற்பனை. பக்கத்து நாகூர்க் கடைக்குப் போனால் 34-லிருந்து 33-க்கு. வெளிமாநில விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. போடணும். தூரத்தைப் பற்றிய கேள்வியே இல்லை, அந்த இரண்டு இலக்கம்தான் முடிவு செய்கிறது.

எக்ஸெல்லில் லெஃப்ட் ஃபார்முலாவுக்கு 'இரண்டு' என்று சொன்னால் முதல் இரண்டு எழுத்தையும் வெட்டிக் கொடுத்துவிடும். ஒரு கண்ணிவெடி மட்டும் உண்டு. லெஃப்ட் வெட்டித் தருகிற 34 டெக்ஸ்ட். உங்கள் மாநிலப் பட்டியலில் இருக்கிற 34 எண்ணாக இருந்தால் வீ-லுக்கப் 'கிடைக்கலை' என்று கையை விரித்துவிடும். இரண்டு பக்கமும் டெக்ஸ்ட்டாக வையுங்கள், தீர்ந்தது.

பேர் மாறினா என்ன பண்ணுவீங்க?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். 2006 அக்டோபர் 1-ம் தேதி 'பாண்டிச்சேரி' அதிகாரபூர்வமாக 'புதுச்சேரி' ஆனது. ஒவ்வொரு வரிசையிலும் மாநிலத்தின் பெயரை அடித்து வைத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஐயாயிரம் வரிசை இருந்தால் ஐயாயிரம் இடத்தில் மாற்றணும். 'ரீப்ளேஸ் ஆல் ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது' என்கிறீர்களா? அந்தத் தட்டில் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியும் சேர்ந்து பெயர் மாறியிருக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயர் இன்றைக்கும் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிதான்!

தரங்கம்பாடிக்காரர் கதை இன்னும் வேடிக்கை. அவர் வீடு 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம். பிறகு நாகப்பட்டினம் மாவட்டம். 2020-லிருந்து மயிலாடுதுறை மாவட்டம். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை, மாவட்டம் மட்டும் மூன்று!

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பாண்டிச்சேரி என்ற பெயர் போனாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கு இருந்த 34 என்ற எண் போகவில்லை. அதே 34-ஐத்தான் பின்னால் ஜி.எஸ்.டி.யும் எடுத்துக்கொண்டது. காரைக்கால் வண்டிகளின் பி.ஒய்.02-ம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் மாறும், எண் நிற்கும். டேட்டாபேஸின் மொத்தத் தத்துவமும் இதில் அடக்கம்.

இதை முறையாக எழுதி வைத்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1970-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் 'ரிலேஷனல் டேட்டாபேஸ்' என்பதற்குப் பிள்ளையார் சுழி. 1981-ல் கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. நம் பாஷையில் அதன் சாரம்: ஒரு சமாசாரத்தை ஒரே இடத்தில் எழுது, மற்ற இடங்களில் அதைச் சுட்டிக் காட்டு.

நம் லிஸ்ட்டை அப்படிப் பிரிப்போமா? மூன்று டேபிள்.

மாநிலம் டேபிள்: மாநில எண், பெயர்.
33, தமிழ்நாடு
34, புதுச்சேரி

ஊர் டேபிள்: ஊர் எண், ஊர், பின்கோடு, மாவட்டம், மாநில எண்.
1, காரைக்கால், 609602, காரைக்கால், 34
2, திருநள்ளாறு, 609607, காரைக்கால், 34
3, தரங்கம்பாடி, 609313, மயிலாடுதுறை, 33
4, நாகூர், 611002, நாகப்பட்டினம், 33

மாணவர் டேபிள்: ரோல் நம்பர், பெயர், போன், ஊர் எண்.

மாணவர் டேபிளில் ஊர்ப் பெயரே கிடையாது, வெறும் 1, 2, 3, 4-தான். தரங்கம்பாடியின் மாவட்டம் மாறினால் ஊர் டேபிளில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றுவீர்கள். அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தாலும் எல்லாருக்கும் மாறிவிடும்.

ஒவ்வொரு டேபிளிலும் ஆளை அடையாளம் காட்டுகிற பத்திக்கு 'ப்ரைமரி கீ' என்று பெயர். அது இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. மாணவருக்கு ரோல் நம்பர். பெயரை வைக்கலாமா? உங்கள் வகுப்பில் எத்தனை கார்த்திக், எத்தனை பாத்திமா என்று எண்ணிப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். ஊருக்குப் பின்கோடை வைக்கலாமா? ம்ஹூம். கோட்டுச்சேரிக்கும் திருவேட்டக்குடிக்கும் ஒரே 609609.

மாணவர் டேபிளில் இருக்கும் ஊர் எண், இன்னொரு டேபிளின் கீயைச் சுட்டுகிறது இல்லையா? அது 'ஃபாரின் கீ'. இதில் ஒரு பெரிய சௌகரியம். ஊர் டேபிளில் 99 என்ற ஊரே இல்லாதபோது, யாராவது ஒரு மாணவருக்கு 99 என்று அடித்தால் டேட்டாபேஸ் ஏற்றுக்கொள்ளாது. மாணவர்கள் இருக்கும்போது நாகூரை அழிக்கப் போனாலும் விடாது. எக்ஸெல்லில் இந்தக் காவல்காரர் தானாக வரமாட்டார்.

பிரித்ததை மறுபடி சேர்த்துப் பார்ப்பதற்குப் பெயர் 'ஜாயின்'. கேள்வி கேட்கிற மொழி எஸ்.க்யூ.எல்., 1974-ல் ஐ.பி.எம்.மில் உருவானது. 'மாணவர் டேபிளை எடு, ஊர் எண் பொருந்துகிற இடத்தில் ஊர் டேபிளோடு சேர், மாநில எண் 34 ஆக இருப்பவர்களை மட்டும் காட்டு' என்று கிட்டத்தட்ட பேச்சு மாதிரியே எழுதலாம். துறைத் தலைவர் சொன்ன அஞ்சு நிமிஷம் நிஜமாகவே அஞ்சு நிமிஷமாகிவிடும்.

ஒரு ஆள், மூணு மன்றம்

ஒருத்தர் என்.எஸ்.எஸ்.ஸிலும் இருக்கிறார், கால்பந்திலும் இருக்கிறார், தமிழ் மன்றத்திலும் இருக்கிறார். ஒரே கட்டத்தில் கமா போட்டு மூன்றையும் எழுதுவதுதான் வழக்கம். பிறகு 'கால்பந்தில் எத்தனை பேர்?' என்று எண்ண முடியாமல் தவிப்பதும் வழக்கம். மன்றம் 1, மன்றம் 2, மன்றம் 3 என்று பத்தி வைத்தால், நாலாவது மன்றத்தில் ஒருவர் சேர்ந்ததும் கதை கந்தல்.

வழி சுலபம். மன்றங்களுக்கு ஒரு டேபிள். அதோடு 'யார், எதில்' என்று இரண்டே பத்தி உள்ள இன்னொரு டேபிள்: ரோல் நம்பர், மன்ற எண். மூன்று மன்றத்தில் இருப்பவருக்கு அதில் மூன்று வரிசை. பத்து மன்றத்தில் இருந்தால் பத்து வரிசை. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சமாசாரம் என்ற விதி காப்பாற்றப்பட்டுவிட்டது.

15,841 பேர்

'இவ்வளவு எதுக்குங்க, எக்ஸெல்லே போதுமே' என்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. 2020-ல் கொரோனா உச்சத்தில் இருந்த சமயம். இங்கிலாந்தில் பரிசோதனைக்கூட முடிவுகளைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். வகை ஃபைலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய வகையில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். 2007 எக்ஸெல்லிலிருந்து 10,48,576 வரிசை உண்டு. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது பழையது. ஷீட் நிரம்பியதும் மிச்சம் உள்ளே போகவில்லை. செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரை 15,841 பேரின் தொற்று விவரம் கணக்கில் விடுபட்டுப் போனது. அவரவருக்கு முடிவு சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கிற வேலை அத்தனை நாள் தாமதமானது. அதற்குள் யார் யாருக்குப் பரவியதோ!

எக்ஸெல் மோசம் என்று அர்த்தமில்லை. கூட்டல், சராசரி, கிராஃப், ஒரு தடவை செய்து முடிக்கிற கணக்கு இதற்கெல்லாம் அது ராஜா. ஆனால் பல பேர் சேர்ந்து எழுதுகிறார்கள், வருஷக்கணக்கில் வளரப்போகிறது, ஆள், ஊர், மன்றம் என்று பலவகைச் சமாசாரம் பின்னிக்கிடக்கிறது என்றால் டேட்டாபேஸுக்கு மாறுங்கள். காசு செலவு இல்லை. லிப்ரே ஆபீஸின் பேஸ், எஸ்.க்யூ.லைட் இரண்டும் இலவசம். எஸ்.க்யூ.லைட் ஏற்கெனவே உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் உட்கார்ந்து காண்டாக்ட்ஸைக் காத்துக்கொண்டிருக்கிறது!

இந்த வார ஹோம்வொர்க்: மேலே நாம் போட்ட ஊர் டேபிளை இன்னொரு தடவை பாருங்கள். 'காரைக்கால்' என்ற மாவட்டப் பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒவ்வொரு மாவட்டமும் ஒரே மாநிலத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் மாநில எண் இருக்க வேண்டிய இடம் ஊர் டேபிள்தானா? நாலாவதாக ஒரு டேபிள் போட்டு, எதை எங்கே நகர்த்தணும் என்று ஒரு பேப்பரில் கட்டம் கட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்த முறை யாராவது 'தம்பி, அஞ்சு நிமிஷ வேலைதான்' என்று லிஸ்ட்டை நீட்டினால், வாங்கிக்கொண்டு முதலில் பேனாவை எடுங்கள். எந்தச் சமாசாரம் எந்த டேபிளில் என்று பிரித்த பிறகு டைப் அடிக்க உட்காருங்கள். அந்த லிஸ்ட்டின் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் பஸ் பாஸுக்கோ ஸ்காலர்ஷிப்புக்கோ காத்துக்கொண்டு ஒருத்தர் நிற்கிறார்.